பாதி வழி எது?

கலிஃபோர்னியா கடற்கரையிலிருந்து ஹவாய்த் தீவுகள் சுமார் 3,900 கிலோமீட்டர். நடுவில் இறங்க ஒரு திட்டு நிலம்கூடக் கிடையாது. நாலு பேர் உட்காரும் குட்டி விமானத்தை அந்தப் பக்கம் யாராவது விலைக்கு வாங்கினால், அதை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்கென்றே சில விமானிகள் இருக்கிறார்கள். பின் ஸீட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டாங்க் வைத்து, ஒற்றை இன்ஜினை நம்பிக் கிளம்புவார்கள்.

புயல் என்று தெரிந்தால் கிளம்பவே மாட்டார்கள். சத்தமில்லாமல் கழுத்தை அறுப்பது, கணக்கில் இல்லாமல் வந்து சேரும் எதிர்க்காற்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு. விமானத்தின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் பத்தொன்பதரை மணி நேரத்தில் ஹவாய். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால்? உண்மையில் நகர்வது மணிக்கு 160தான். பயணம் 24 மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த ஐந்து மணி நேரத்துக்குப் பெட்ரோல்? நடுக்கடலில் பங்க் ஏது?

உயரத்தை மாற்றி, காற்று கம்மியாக இருக்கும் இடத்தைத் தேடிப் பார்ப்பார் விமானி. அதுவும் சரிப்படவில்லை என்றால், திரும்புவதா, போவதா?

இங்கேதான் மனசு ஒரு வேலை செய்யும். 'பாதிக்கு மேல வந்தாச்சு. இனிமே போறதுதான் கிட்டே' என்று சொல்லும். மேப்பைப் பார்த்தால் நியாயமாகவும் தோன்றும்.

ஆனால், காற்றுக்கு மேப் தெரியாது. திரும்பினால் இதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வேகம் 240 ஆகிவிடும். கணக்குப் போட்டால், 2,340 கிலோமீட்டர் வந்த பிறகுதான், போகிற நேரமும் திரும்புகிற நேரமும் சமம். மேப்பில் பாதி 1,950. ஆக, பாதியைத் தாண்டி இன்னும் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போன பிறகும், வீடுதான் சீக்கிரம் வரும்!

இது தவிர இன்னொரு புள்ளியும் உண்டு. அதைத் தாண்டினால் திரும்பி வரப் பெட்ரோல் போதாது. நல்ல விமானி இந்த இரண்டு புள்ளிகளையும் தரையில் இருக்கும்போதே குறித்துக்கொள்வார். பறக்கும்போது, அடிக்கிற காற்றைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போவார். ஏன் தரையிலேயே? பன்னிரண்டு மணி நேரம் தூங்காமல் ஓட்டிய மனசு கணக்குப் போடாது. கௌரவம் பார்க்கும்.

'விடாமுயற்சி' என்று நாம் கும்பிடுகிற குணத்தை இந்த இடத்தில் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நஷ்டத்தில் ஓடும் கடையை மூடாமல், 'பத்து வருஷம் பாடுபட்டாச்சு, விடறதா?' என்கிறார் ஒருவர். பி.காம். பாடத்தில் இதற்குப் பதில் உண்டு: போட்ட பணம் போனதுதான், இனிமேல் போடப்போவதை மட்டும் பார். படிக்கச் சுலபம்.

குட்டி விமானத்தில் விமானி பெரும்பாலும் தனி ஆள். கடைக்காரர் அப்படியில்லை. அவருடைய விடாமுயற்சிக்குப் பெட்ரோல், மனைவியின் நகை. அப்புறம் வீட்டுப் பத்திரம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் காற்று மாறிவிட்டதைச் சொல்லாமல் ஓட்டுவதற்குப் பெயர் தைரியமா? அது அவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றே எனக்குப் படுகிறது.

'எல்லாரும் திரும்பி வந்துட்டா எவன் சார் கரை சேருவான்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். திரும்பி வந்தவர் நல்ல காற்று வரும் நாளில் மறுபடி கிளம்பலாம். பெட்ரோல் தீர்ந்தவருக்கு அந்த வசதி இல்லை.

சரி, திரும்ப முடியாத இடத்தையும் தாண்டியாச்சு. அப்புறம்?

1925 ஆகஸ்ட் 31. அமெரிக்கக் கடற்படையின் கமாண்டர் ஜான் ரோட்ஜர்ஸ், நான்கு பேரோடு, கடலிலும் இறங்கக்கூடிய விமானத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கமிருந்து ஹவாய்க்குக் கிளம்பினார். பின்னாலிருந்து காற்று தள்ளிவிடும் என்று கணக்கு. அந்தக் காற்று எதிர்பார்த்த அளவு வரவில்லை. வராத பணத்தை வரவில் எழுதிய கதை! வழியில் நின்ற கப்பலில் பெட்ரோல் வாங்கப் பார்த்தார்கள். ரேடியோ சொன்ன திசை தப்பிப்போனதில் கப்பல் கண்ணில் படவில்லை. டாங்க் காலி. கடலில் இறங்கிவிட்டார்கள்.

தங்களைத் தேடும் கப்பல்களின் பேச்சு ரேடியோவில் கேட்கிறது. பதில் சொல்லத்தான் வழியில்லை. யாராக இருந்தாலும் நொறுங்கிப்போகிற இடம். இவர்களோ கீழ் இறக்கையின் துணியைக் கிழித்தார்கள், பாய்மரம் கட்டினார்கள், விமானத்தைப் படகாக்கி ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒன்பது நாள், சுமார் 700 கிலோமீட்டர். காவாய் தீவுக்குப் பக்கத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கண்டுபிடித்தது. ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

திரும்ப முடிகிற வரை, திரும்பலாமா என்று ஒவ்வொரு மணி நேரமும் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது என்று ஆன பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் துணியைக் கிழிக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். திரும்ப வழி இருக்கும்போது வீறாப்பு, வழி அடைந்த பிறகு புலம்பல்.

நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. இன்று ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டதை, கூட வருகிறவர்களிடமும் காட்டுங்கள்.