‘மறந்துட்டேன்’ என்பது பதிலா?

நவம்பர் மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பொதுச் சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். சம்பா பயிருக்கு இன்ஷூரன்ஸ் கட்டக் கடைசி நாள் நெருங்க நெருங்க, சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக் சகிதம் வாசல்வரைக்கும் வரிசை நிற்கும். சர்வர் சரியாக அந்த நேரம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். ‘நேத்தே வந்திருக்கலாம்ல அண்ணே?’ என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன் சலித்துக்கொள்வான்.

கடைசி நாளில் வருகிறவர்களில் பல ரகம் உண்டு. அடங்கல் கிடைக்கத் தாமதமானவர், கையில் காசு இல்லாதவர், ‘போன வருஷம் கட்டி என்னத்தைக் கண்டோம்?’ என்று கடைசிவரை யோசித்தவர். இவர்களைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. வரிசைக்கே வராமல்போன ஒருவர் இருப்பார், அவரைப் பற்றித்தான் பேச்சு.

அவரிடம் பணம் இருந்தது. அடங்கல்கூட வாங்கி வைத்திருந்தார். ஒரு மாதமாக ‘நாளைக்குப் போயிடணும்’ என்று தினம் நினைத்தார். கடைசி நாள் காலையில் கிளம்பியும்விட்டார். வழியில் பக்கத்து வயல்காரரின் பம்ப்செட் மக்கர் பண்ணியது. ‘ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்’ என்று குனிந்தவர், மோட்டாரை அக்கக்காகப் பிரித்து, சோறு தண்ணி மறந்து, சரிபண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பொழுது சாய்ந்துவிட்டது. டிசம்பரில் மழை ஊற்றிப் பயிர் மூழ்கி, கிராமத்துக்கே இழப்பீடு வந்தாலும் அவருக்கு வராது. வீட்டில் கேட்டால், ‘மறந்துட்டேன்.’ உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்.

கேள்வி இதுதான். இவர் செய்தது தப்பா, இல்லையா?

இந்தக் கேள்வியை மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டது. 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாகவே இருந்தும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத, அடங்காத சில குழந்தைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஊனம்’. டாக்டரே நீதிபதி மாதிரி பேசியிருக்கிறார் பாருங்கள்! 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு கவனத்தை மையமாக வைத்துப் பெயரை மாற்றியது. 1987-ல் அது ஏ.டி.ஹெச்.டி. ஆனது. ரொம்ப நாள் இதைப் பையன்களின் வியாதி, மீசை முளைத்தால் போய்விடும் என்று நம்பினார்கள். பலருக்குப் போவதில்லை. துள்ளல் அடங்கிவிடும், தள்ளிப்போடுவதும் நேரம் தெரியாததும் தங்கிவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள்.

உடனே ஐந்து ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘எனக்கும் அதேதான்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாவியைத் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இது இல்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஓர் இடத்தில் மட்டுமில்லாமல் பல இடங்களில் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே இதே வேஷம் போடும். பிரித்துப் பார்க்க மனநல மருத்துவர் வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே அதற்குத் துறை இருக்கிறது. மருந்தும் உண்டு, பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால், மருந்து சாப்பிட்டாலும் இன்ஷூரன்ஸ் கட்ட நாம்தான் போக வேண்டும்.

‘கவனக் குறைவு’ என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கணக்கில் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவருக்குக் கவனம் குறைவு என்று எப்படிச் சொல்வது? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவு தண்ணீரும் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், கடைமடை விவசாயிகள் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் செய்தார்கள். தண்ணீருக்கா பஞ்சம்? வேண்டிய நேரத்தில், வேண்டிய வாய்க்காலில், வேண்டிய அளவு வரவில்லை, அவ்வளவுதான். இவர்கள் மனசும் அப்படித்தான். மோட்டார் இருந்த பக்கம் வெள்ளம், அடங்கல் இருந்த பக்கம் வறட்சி.

வள்ளுவர் ‘மடியின்மை’ அதிகாரத்தில் தள்ளிப்போடுதல், மறதி, சோம்பல், தூக்கம் என்று நான்கையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். கெட்டுப்போகிறவர்கள் ஏறும் படகு என்று நான்கையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார் என்பது வேறு விஷயம். நாம் அந்தப் பிரிவினையைக்கூட விட்டுவிட்டோம். நான்குக்கும் சேர்த்து நம்மிடம் ஒரே வார்த்தை, ‘சோம்பேறி’.

ஆனால், எல்லாரையும் அப்படிச் சொல்வதில்லை. கும்பகோணத்துக்காரர் ஒருவரை மட்டும் விட்டுவிட்டோம். ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு உதவித்தொகை பறிபோனது, வீட்டைவிட்டே ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. அவருக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று நான் சொல்லவில்லை. செத்துப்போனவருக்கு வியாதிப் பெயர் சூட்டுவது அநாகரிகம். நான் பார்ப்பது, அவரைச் சுற்றி இருந்தவர்களை. ‘முதல்ல இங்கிலீஷ் படிச்சுட்டு வா’ என்று திருப்பி அனுப்பாமல் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தார் நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ். சென்னைத் துறைமுகத்தில் கணக்கராக இருந்த நாராயண ஐயர் கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். மேலதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங் குமாஸ்தா வேலையை ஒரு பொருட்டாக எண்ணாமல் மேலிடத்துக்குப் பரிந்து எழுதினார். அந்த மனிதர்களின் நடுவிலிருந்துதான் 1913-ல் ஹார்டிக்குக் கடிதம் போனது.

அது மேதைக்குக் கிடைத்த சலுகை. பாபநாசத்தில் எல்.டி.சி.யாக வேலை பார்ப்பவருக்கு அது கிடைக்காது, மெமோதான் கிடைக்கும். ‘இந்த மாதிரி மூளைதான் மேதைகளை உருவாக்கும்’ என்று இப்போது சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு இந்த ஆறுதலில் சம்மதமில்லை. மேதையாக இருந்தால்தான் கரிசனமா?

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். பயிர் மூழ்கியது நிஜம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் உண்டு. சங்கம் மூளையைப் பரிசோதித்துவிட்டு வட்டி போடாது. வீட்டில் இருக்கிறவர்களும் அதே வயலை நம்பித்தான் இருக்கிறார்கள்.

என் கட்சி இதுதான். அவரைக் கேள்வி கேட்கலாம், ஆனால் நாம் தப்பான நேரத்தில் கேட்கிறோம். மோட்டார் முன்னால் குனிந்த நொடியில் ‘மனசை அடக்கியிருக்க வேண்டாமா?’ என்று கேட்பது வீண். அந்த நொடியில் அவர் கையில் லகான் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பு, மனசு தெளிவாக இருந்த ஒரு ராத்திரியில், ‘நான் இப்படிப்பட்ட ஆள், எனக்கு என்ன ஏற்பாடு வேண்டும்?’ என்று யோசித்தாரா? இதைக் கேளுங்கள். கிரேக்கக் கதையில் ஒடிஸியஸ் இதைத்தான் செய்தான். மயக்கும் பாட்டுக் கேட்டால் தன் மனசு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கேட்பதற்கு முன்பே, தன்னைப் பாய்மரத்தில் கட்டிப்போடச் சொல்லிவிட்டான். அவனைக் கோழை என்று யாரும் சொல்லவில்லையே!

இப்போது ஏற்பாடுகளுக்கு வருவோம். ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லிவருவது இது: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய இடத்தில் செய்வதில்தான் சிக்கல். ஆகவே புத்திமதி வேண்டாம். அந்த இடத்தில் ஒரு பொருளை வையுங்கள். அடங்கல் பீரோவுக்குள் போனால் அது இந்த உலகத்தில் இல்லை. வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே அதைக் கவரில் போட்டு மாட்டினால், சாவியை எடுக்கும்போது கையோடு வரும். கரண்ட் பில், போன் பில்லைத் தானாகக் கழியும்படி பேங்கில் எழுதிக்கொடுத்தால் அந்த வேலையே இல்லை. ‘கடைசித் தேதி 15’ என்று போனில் பதிவதால் பயனில்லை; ‘செவ்வாய் காலை பத்து மணி, டீக்கடைக்குப் பக்கத்து மையம்’ என்று பதிய வேண்டும். நேரம் போவது உள்ளே தெரியாது என்பதால், பாத்ரூமிலும் பம்ப்செட் கொட்டகையிலும் முள் ஓடுகிற கடிகாரம் மாட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலுவான ஏற்பாடு, கூட ஓர் ஆள். அவர் உதவி செய்யக்கூட வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். நடவு வயலைப் பாருங்கள். யாரும் தனியாக நடுவதில்லை. வரிசையாகக் குனிந்து, பேசிக்கொண்டே, சேர்ந்து பின்னால் நகர்கிறார்கள். பழைய டெல்டா வாழ்க்கையே இப்படித்தான் வெளியிலிருந்து நம்மை நகர்த்தியது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஆடிப்பெருக்கு, முறை வைத்துத் தண்ணீர். உன் முறை வரும்போது நீ வயலில் இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரர் சத்தம் போடுவார். இப்போது போர்வெல் வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் தண்ணீர், நாமே ராஜா. மற்றவர்களுக்கு அது சுதந்திரம். நான் சொல்லும் ஆளுக்கு, சத்தம் போட இருந்த பக்கத்து வயல்காரரும் போய்விட்டார்.

அந்த இடத்துக்கு இப்போது யார் வந்திருக்கிறார்கள்? மனைவி. ‘என்னங்க, இன்னிக்குக் கடைசி நாளு’, ‘என்னங்க, மாத்திரை’, ‘என்னங்க, சங்கத்துல தவணை’... நாள் முழுக்க அலாரமாக இருப்பது ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய தண்டனை! போதாக்குறைக்கு, ‘எப்பப் பாரு நச்சரிப்பு’ என்ற பட்டம் வேறு. ‘கொஞ்சம் ஞாபகப்படுத்து’ என்று சொல்வது சின்ன உதவி கேட்பது போலத் தோன்றும். உண்மையில் ஒரு முழு வேலையை அவள் தலையில் மாற்றி வைக்கிறோம். அலாரம் அடிக்க மெஷின் இருக்கும்போது மனைவி எதற்கு? ஆகவே, ‘மறந்துட்டேன்’ என்று சொல்லும் நாளில், அடுத்த தடவைக்கு எந்த ஆணியில் எதை மாட்டப்போகிறேன் என்றும் அதே மூச்சில் சொன்னால்தான் அது பதில்.

அந்த மனைவிக்கே இது இருந்தால்? பெண்களில் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படுவதே தாமதமாகத்தான். சின்ன வயதில் வகுப்பில் ஓடி ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணை யார் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்? பால் பொங்குகிறது, குக்கர் விசில் எண்ணிக்கை தப்புகிறது, பள்ளிக்கூட ஃபீஸ் தேதி போய்விடுகிறது. மறதிக்கார ஆணுக்குக் கூடவே ஓர் ஆள் இருக்கிறாள். இவளுக்கு மாமியாரின் பேச்சுதான் இருக்கிறது. அடுப்பங்கரையில் ஒரு டைமர், காலண்டரைக் கிழிக்கும் வேலையை எடுத்துக்கொண்டு அதில் எழுதியிருப்பதை உரக்கப் படிக்கும் கணவன். இவ்வளவு செய்தாலே அந்த வீட்டில் சத்தம் பாதி குறையும்.

இன்னொன்று. எந்த ஏற்பாடும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடாது. அலாரம் பழகிவிட்டால் காதில் விழாது. ஆணியில் தொங்கும் கவர் சுவரோடு சுவராகிவிடும். ‘பார்த்தியா, மறுபடியும்!’ என்று அப்போது ஆரம்பிக்க வேண்டாம். ஏ, பி வாய்க்கால், சி, டி வாய்க்கால் என்று வருஷா வருஷம் தண்ணீர் திறப்பதற்கு முன் தூர்வாரத்தானே செய்கிறோம்? அலாரத்துக்கு வேறு பாட்டு வையுங்கள். கவரை ஆணியிலிருந்து எடுத்து, செருப்புக்குள் வையுங்கள்.