கணக்குக் கேட்டவன் பகைவனல்லன்

 

நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். ஆதலால் வியாபாரிக்குப் பழக்கமான ஒரு காட்சியிலிருந்தே தொடங்குவோம். பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் பக்கங்களில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், நம் முன்னோர் சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயங்களுக்குப் போவார்கள். கடன் கொடுப்பார்கள், பேரேட்டில் பற்று எழுதுவார்கள், சம்பள நாளில் போய் வசூலிப்பார்கள். அப்போது பால்மரம் வெட்டும் ஒரு தாய், "பாய், இந்தச் சேலை நான் வாங்கலையே" என்பாள். நல்ல வியாபாரி என்ன செய்வார்? கோபப்படமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பேரேட்டைத் திறப்பார். சிட்டாவோடு ஒத்துப் பார்ப்பார். பிழை இருந்தால் அடித்து எழுதுவார். இல்லையென்றால் பொறுமையாக விளக்குவார். "என்னையா திருடன் என்கிறாய்?" என்று கத்தியவருக்கு, அடுத்த மாதம் அந்த லயத்தில் வியாபாரம் இராது.

கணக்குக் கேட்பது அவமதிப்பன்று என்பதை நமக்கு முதலில் கற்பித்தது திருமறையே. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது? பகரா சூராவின் 282ஆம் வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும், சாட்சி வைத்துக்கொள்வதையும் பற்றியது. ஈமான் கொண்டவர்களை நோக்கியே அந்தக் கட்டளை இறங்கிற்று. நம்பிக்கை இல்லாததால் அன்று, நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காகவே எழுதச் சொன்னான் வல்ல அல்லாஹ்.

கடையில் இவ்வளவு தெரிந்த நாம், சங்கத்துக்குள் நுழைந்தவுடன் மறந்துவிடுகிறோமே, ஏன்? பிறரைச் சொல்ல வேண்டாம். நாமே செய்த தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சென்ற ரமலானுக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. நோன்புக் கஞ்சி நிதிக் கணக்கு வாசிக்கப்பட்டது. இளைஞர் ஒருவர் எழுந்து, "அரிசிக்கு எழுதிய தொகை இரண்டு இடத்தில் வருகிறதே" என்று கேட்டார். கேட்ட விதத்தில் சிறிது வேகம் இருந்தது, உண்மை. ஆனால் நாம் சொன்ன பதில் என்ன? "உன் வாப்பா காலத்திலிருந்து இந்தச் சங்கத்தை நடத்துகிறோம். நீ எங்களைக் கேட்கிறாயா?" என்றோம். சபை சிரித்தது. அன்றிரவு கைப்பேசிகளில் பேச்சு வளர்ந்தது. அரிசிக் கணக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் எந்தக் கொள்கைக்காரர், யார் தூண்டிவிட்டார்கள், எந்த ஆலிமின் பயானைக் கேட்கிறார் என்றெல்லாம் எழுதினார்கள். குழப்பக்காரன் என்று பட்டமும் சூட்டினார்கள். மறுவாரம் முதல் அவர் வரவில்லை.

பெருநாள் கழிந்து ஐந்தொகை எடுத்தபோது உண்மை தெரிந்தது. ஒரே அரிசி ரசீது இரு முறை பதிவாகியிருந்தது. யாரும் எடுக்கவில்லை, அது எழுதுகோலின் பிழை. பணம் எங்கும் போகவில்லை. பிள்ளைதான் போய்விட்டான்.

நாம் அவர் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் கூலிம் ஹைடெக் பார்க்கில் கணினி வேலை பார்ப்பவர். 1996இல் திறக்கப்பட்ட அத்தொழிற்பேட்டை நம் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடுவதை நீங்கள் அறிவீர்கள். தாயார் தேநீர் கொடுத்தார். நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு, "மாமா, எங்கள் தொழிலிலும் இதே சண்டைதான்" என்று ஒரு சம்பவத்தைச் சொன்னார். அது நம் மனத்தில் தைத்ததால் உங்களுக்கும் சொல்கிறோம்.

ஃபேஸ்புக் போன்றவை ஒரே தௌக்கேக்குச் சொந்தமான கடைத்தெரு மாதிரி. வாடகை, சட்டம், கதவு எல்லாம் அவர் கையில். அப்படியில்லாமல் திறந்த சமூக வலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே கடை ஒவ்வொன்றும் அதனதன் சொந்தக்காரருடையது. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது நிறைகோலும் படியும் மட்டுமே. ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்குச் செய்தி போவதற்கான அந்தப் பொது விதிகளில் ஒன்றுக்கு ஆக்டிவிட்டி பப் என்று பெயர். 2018இல் அது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. 2016இல் தோன்றிய மாஸ்டடன் அதன்படி இயங்குகிறது. புளூஸ்கை என்பது வேறொரு விதியைக் கைக்கொண்டது. ஆக, இரண்டு துறைமுகங்கள், இரண்டு படிகள்.

2024 பிப்ரவரியில், ரயன் பாரெட் என்ற பொறியாளர் இவ்விரண்டுக்கும் இடையே பிரிட்ஜி ஃபெட் என்ற பாலத்தை அமைக்க முன்வந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்னவர்களைத் தவிர மற்ற எல்லாருடைய எழுத்தும் பாலத்தைக் கடக்கும் என்பது அவர் முதலில் வைத்த ஏற்பாடு. மாஸ்டடனில் இருந்தவர்களில் பலர், "எங்கள் எழுத்தை எங்களைக் கேட்காமல் எப்படிக் கொண்டுபோகலாம்?" என்று எதிர்த்தார்கள். நியாயமாகக் கேட்டவர்களும் உண்டு, ஏசியவர்களும் உண்டு. அவர் என்ன செய்தார்? ஏச்சைப் பிரித்து ஒரு பக்கம் வைத்தார். அதற்குள் இருந்த நியாயத்தை எடுத்துக்கொண்டார். சில நாட்களிலேயே, சம்மதம் தந்தவர்களின் எழுத்து மட்டுமே கடக்கும் என்று திட்டத்தை மாற்றினார். பாலமும் பிழைத்தது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்த இளைஞர், "அங்கே எல்லாருக்கும் மேலே ஒரு முதலாளி இல்லை மாமா. கேட்கிறவனை விரட்டினால் அவன் வேறு கடைக்குப் போய்விடுவான். இரண்டு கடையும் ஒன்றுக்கொன்று கதவைச் சாத்திக்கொள்ளும். கடைசியில் பேசுவதற்கு ஆள் இருக்காது" என்றார். நம் சங்கமும் அப்படித்தானே? யாரும் சம்பளத்துக்கு வருவதில்லை. யாரையும் கட்டிப்போட முடியாது. நன்னடத்தை ஒன்றே அதன் சுவர்.

இவையெல்லாம் நமக்குப் புதிய பாடமா? அல்ல. பத்ரில், ஹிஜ்ரி 2இல், நாயகம் (ஸல்) அவர்கள் படையை ஓரிடத்தில் இறக்கினார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அருகே வந்து, இது இறைவன் அறிவித்த இடமா, அல்லது போர் யோசனையா என்று அடக்கத்தோடு வினவினார். யோசனைதான் என்றதும், தண்ணீருக்கு அருகே இறங்குவதே நலம் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்று இடத்தை மாற்றினார்கள். அல்லாஹ்வின் தூதருக்கே குறையாத மதிப்பு, கஞ்சி நிதிக் கணக்கைத் திருத்தினால் நமக்குக் குறைந்துவிடுமோ?

ஹிஜ்ரி 5இல், அஸர் தொழுகையை பனூ குறைழாவில் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களை அனுப்பினார்கள். வழியில் நேரம் நெருங்கிற்று. சிலர் சொல்லை அப்படியே கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு தொழுதார்கள். சிலர் விரைந்து போகச் சொன்னதே கருத்து என்று கொண்டு, வழியிலேயே தொழுதார்கள். செய்தி சபைக்கு வந்தபோது இரு சாராரையும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை.

அப்பாஸிய கலீஃபா மன்சூர், இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலையே நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக்க விரும்பினார் என்றும், இமாமவர்கள் அதற்கு இணங்கவில்லை என்றும் வரலாறு கூறுகிறது. ஸஹாபாக்கள் பல ஊர்களுக்குப் பரவிச் சென்றார்கள். ஒவ்வோர் ஊரிடமும் அறிவு உண்டு என்பது அவர்கள் காட்டிய காரணம். தம் சொந்த நூலுக்குக் கிடைத்த ராஜ மரியாதையையே மறுத்தார்கள்! அந்தப் பரந்த மனத்தின் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். கெடாவில் ஷாஃபி மத்ஹப் பரவியிருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்த நம்மில் ஹனஃபிகளும் பலர். ஸுபுஹில் இமாம் குனூத் ஓதுகிறார். பின்னே நிற்கும் ஹனஃபி ஓதாமல் நிற்கிறார். இருவர் தோளும் ஒரே ஸஃப்பில் சேர்ந்தே இருக்கின்றன. தொழுகையில் முடிந்தது கூட்டத்தில் முடியாதா?

ஆதலின் மூவருக்கு மூன்று கடமைகள் உண்டு. கேட்பவர், கூடுமானால் முதலில் தனியாகச் சொல்லட்டும். "நானும் முன்னமே உங்கள் கடைக்கு வந்து கேட்டிருக்கலாம்" என்று அந்த இளைஞரே ஒப்புக்கொண்டார். ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படி மூஸா, ஹாரூன் (அலை) இருவருக்கும் கட்டளை வந்ததே! நம் பொருளாளர் ஃபிர்அவ்னைவிடக் கெட்டவரல்லர்.

கேட்கப்படுபவர், கேட்டவனை விட்டுக் கேள்வியைப் பார்க்கட்டும். குரலின் வேகத்தைக் காரணம் காட்டிக் கணக்கை மூடுவது, சில்லறை அழுக்காயிருக்கிறது என்று வரவில் எழுதாமல் விடுவது போன்றது.

மூன்றாமவர் சுற்றி நிற்பவர். இவருடைய பொறுப்பே மிகப் பெரிது என்போம். அன்று சபை சிரிக்காமல் இருந்திருந்தால் நம் நாக்கு அப்படி நீண்டிராது. ஹுஜுராத் சூரா பரிகாசம், பட்டப் பெயர், கெட்ட எண்ணம், புறம் பேசுதல் ஆகியவற்றை வரிசையாகத் தடுக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும், சண்டையிட்டவரிடையே சமாதானம் செய்யவும் ஏவுகிறது. கைப்பேசியில் வந்ததை மறு நொடியே பிறருக்குத் தள்ளிவிடுகிறோமே, இந்தச் சூராவை ஒரு முறை ஓதிவிட்டுத் தள்ளுவோமா?

இறுதியாக ஒன்று. பலர் முன்னால் செய்த அவமதிப்புக்கு, வீட்டுக்குள் கேட்ட மன்னிப்புப் போதாது. எனவே இந்தப் பக்கத்திலேயே பதிவு செய்கிறோம்: கஞ்சி நிதிக் கணக்கில் பிழை இருந்தது, அதைச் சுட்டிய பிள்ளை சொன்னது சரி, அவரைப் பேசவிடாமல் செய்தது நம் குற்றம். திருத்திய கணக்கு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும். வருவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. அவருக்கு முன்வரிசையில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

மறுமையில் ஒவ்வொருவர் ஏடும் திறக்கப்படும். அங்கே அடித்து எழுத இயலாது. திருத்தும் வாய்ப்பு இங்கேதான் உண்டு. குற்றம் சொல்லப்படும்போது பொறுக்கும் மனத்தையும், சொல்லும்போது இனிய நாவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.