நடுவரா, உழைச்செல்வானா? - குடிநோயும் தந்தை மகன் உறவும்

முன்னுரை

தந்தைக்கும் மகனுக்கும் உரிய கடமைகளைத் தமிழ் அறநூல்கள் இருபாலும் வகுத்துரைத்துள்ளன. கற்றோர் அவையில் முன்னிற்கும் தகுதியை மகனுக்கு அளித்தல் தந்தையின் கடன் என்றும், தந்தை பெற்ற பேற்றினைப் பிறர் வியக்குமாறு வாழ்தல் மகனின் கைம்மாறு என்றும் வள்ளுவம் கூறும். இவை கடமை நிறைவேறிய இல்லத்தின் இலக்கணம். மகன் குடிக்கு அடிமையாகி, மனநலமும் குன்றிய நிலையில் தந்தை அவனுக்கு யாராக இருத்தல் வேண்டும் என்னும் வினா இவ்விலக்கணத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. இந்திய வரலாறு நன்கறிந்த ஒரு தந்தை மகன் உறவினை முன்வைத்தும், திருக்குறளின் துணைகொண்டும் இவ்வினாவினை இக்கட்டுரை ஆராய்கிறது.

குற்றமும் நோயும்

குடி ஒழுக்கக்கேடு எனில் கண்டித்தல் தந்தையின் கடமை. நோய் எனில் பொறுத்தல் கடமை. பொதுவழக்கில் இவ்வாறே இருகூறாகப் பிரித்துப் பேசுவர். முதற்கூற்றினர் மகனை வீட்டைவிட்டு விலக்குவர். இரண்டாம் கூற்றினர் அவன் செய்வன யாவற்றையும் தாங்கிக்கொள்வர். இரண்டினாலும் மகன் மீள்வதில்லை என்பதைப் பல குடும்பங்கள் பட்டறிந்துள்ளன.

இச்சிக்கலின் பரப்பு பெரிது. நடுவண் அரசின் சமூகநீதித் துறைக்காக, புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, 10 முதல் 75 அகவைக்கு உட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவதாகக் கண்டறிந்தது. ஆண்களில் இது 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றதாக அவ்வாய்வு தெரிவித்தது. எஞ்சிய 37 பேரின் சுமையினை யார் தாங்குகின்றனர் என்ற வினாவுக்கு, பெரும்பாலும் குடும்பமே என்பதன்றி வேறு விடை காணல் அரிது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவினாலும் போதைப் பொருளினாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. அதே சட்டம், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க நெறிகளோடு ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயர் எனத் தீர்மானிக்கலாகாது என்றும் விதிக்கிறது. இவ்விரு கூறுகளையும் இணைத்து நோக்குதல் தகும். தந்தையின் விருப்பத்திற்கு மாறாக நடப்பது நோயன்று. நோயுற்று நடப்பது தந்தையை அவமதிப்பதும் அன்று. ஒழுக்கத்தின் அளவுகோலும் மருத்துவத்தின் அளவுகோலும் வெவ்வேறு என்பதே இதன் உட்பொருள்.

காந்தியடிகளும் ஹரிலாலும்

காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலால் 1888இல் பிறந்தவர். தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் 1908 முதல் பலமுறை சிறை சென்றார். தந்தையைப் போல இங்கிலாந்து சென்று சட்டம் பயில விரும்பினார். பிராண்ஜீவன் மேத்தா அளிக்க முன்வந்த உதவித்தொகை, தம் மகன் என்பதற்காக ஒருவருக்குச் சலுகை கூடாது என்ற தந்தையின் கொள்கையால் பிறருக்குச் சென்றது. 1911இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். மெட்ரிக் தேர்வில் தேறவில்லை. 1915இல் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி அதனை அச்சிடவும் செய்தார். 1918இல் நச்சுக்காய்ச்சல் பரவியபோது மனைவி குலாபை இழந்தார். அதன்பின் வணிகத் தோல்வி, கடன், குடி எனச் சரிவு தொடர்ந்தது.

1925இல், ஹரிலால் இயக்குநராக இருந்த நிறுவனத்தால் ஏமாற்றப்பட்ட ஒருவர் சார்பாக வந்த கடிதத்திற்குக் காந்தியடிகள் தம் ‘யங் இந்தியா’ இதழிலேயே விடையளித்து, மகனின் செயல்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என விளக்கினார். கஸ்தூர்பாவின் பெயரில் மகனுக்கு எழுதப்பெற்ற வேதனைக் கடிதம் 1936இல் இதழ்களில் வெளிவந்தது. 1944 பிப்ரவரியில் பூனா ஆகா கான் மாளிகையில் தாய் இறக்கும் நிலையில் இருந்தபோது ஹரிலால் குடித்த நிலையில் வந்தார்; அவரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பிப்ரவரி 22இல் தாய் மறைந்தார். தந்தை கொல்லப்பட்டு ஐந்து திங்கள் நிறைவதற்குள், 1948 சூன் 18இல், பம்பாயில் ஹரிலாலும் இறந்தார்.

குடியினைத் தீயொழுக்கம் என்பதினும் நோய் என்பதே பொருந்தும் என்ற கருத்தினைக் காந்தியடிகளே எழுதியுள்ளார் என்பது இவண் நினையத்தக்கது. நாட்டின் குடியரைப் பற்றி அவர் கொண்ட இப்பரிவு, தம் மகனிடத்து அதே தெளிவுடன் செயற்பட இயலவில்லை. தம் வரலாற்று நூலில், மூத்த மகனிடம் காணும் குறைகள் தம் இளமைக்காலக் கட்டுப்பாடற்ற வாழ்வின் எதிரொலி என அவர் எழுதினார். இது நேர்மையான தன்பழிப்பே. எனினும் தன்பழிப்பிலும் பேசுபொருள் தந்தையின் ஒழுக்கமாகவே அமைகிறது. மகன் அதன் விளைவாக மட்டுமே நிற்கிறான். பிறரைப் பழித்தலும் தன்னைப் பழித்தலும் தீர்ப்பின் இருவகைகளே. இரண்டிலும் நோயாளி காணப்படுவதில்லை.

ஹரிலாலுக்கு இன்று எந்த மனநோயின் பெயரையும் சூட்டுவது முறையன்று. மறைந்தவரை மருத்துவர் ஆராய இயலாது. தந்தையே அவரைக் கெடுத்தார் என்னும் பிற்காலத் தீர்ப்பும் ஏற்கத்தக்கதன்று. பொதுவாழ்வில் சலுகை காட்டாமை உயர்ந்த அறமே. ஆனால் அனைவருக்கும் ஒத்த நீதி வழங்கும் நடுவரின் அறம், தன்னை அன்றி வேறு தந்தை இல்லாத ஒருவனுக்குத் தந்தையின் இடத்தை நிரப்பவல்லதா என்னும் வினாவினை இவ்வரலாறு விட்டுச்செல்கிறது.

வள்ளுவரின் அதிகார வைப்பு

பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும், சூது 94ஆகவும், மருந்து 95ஆகவும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்பினைக் கொண்டு வள்ளுவர் குடியை நோய் என்றே கருதினார் என்பது மிகையாகும். கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு ஒப்பிட்ட அவர், அவ்வதிகாரத்தில் பழியுரையினையே மிகுதியும் ஆள்கிறார். எனினும் அதன் இறுதிக் குறட்பாக்கள் இரண்டும் தனித்து நோக்கத்தக்கவை. களித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீரினுள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்கிறது ஒன்று (929). உண்ணாத பொழுதில் பிறன் ஒருவன் களித்திருக்கக் காண்பவன், தன் சோர்வினை நினையானோ என வினவுகிறது மற்றொன்று (930). அறிவுரை பயன்படாத பொழுதும் பயன்படும் பொழுதும் வேறு என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. பல இல்லங்களில் தந்தை மகன் பூசல் நிகழ்வது முதற்பொழுதில். இரண்டாம் பொழுது பெரும்பாலும் மௌனத்தில் கழிகிறது.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறட்பா (950) நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தினை நான்காகப் பகுக்கிறது. உழைச்செல்வான் என்பது நோயாளியின் அருகிருந்து மருந்தினை இயற்றித் தருபவனைக் குறிக்கும். நால்வகைக்கும் உரிய பண்புகளை விரிக்கும் பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்து அன்பினை முதற்கண் வைக்கிறார். மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அடுத்து வருகின்றன. நோயாளிக்கும் அவர் கடமை வகுத்துள்ளார் என்பது பெரிதும் கருதத்தக்கது: மருத்துவன் வழி நிற்றல், நோயின் நிலையை உணர்த்துதல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியன அவனுடையவை. எனவே நோய் என்ற சொல் நோயுற்றவனின் பொறுப்பினை நீக்குவதில்லை. அவன் மீதான பழியினை மட்டுமே நீக்குகிறது. பழியின்றிப் பொறுப்பினை வலியுறுத்தலாம் என இக்காலத்தில் ஹன்னா பிக்கார்ட் போன்ற மெய்யியலார் கூறும் கருத்துக்கு இவ்வுரை அணுக்கமாக நிற்கிறது.

உழைச்செல்வானின் எல்லை

இதற்கு மறுப்பு ஒன்று எழக்கூடும். அடிக்கும் மகனையும், வீட்டுப் பொருளை விற்கும் மகனையும் அன்பினால் மட்டும் தாங்க இயலுமா என்பது அது. உழைச்செல்வானின் அன்பு இணங்கிப்போதல் அன்று. நோயாளி கேட்பதையெல்லாம் கொடுப்பவன் அப்பெயருக்கு உரியன் அல்லன். குடிக்கப் பணம் தர மறுத்தல், பிற மக்களையும் மனைவியையும் வன்முறையிலிருந்து காத்தல், தேவையாயின் வேறிடத்தில் தங்கச் செய்தல் ஆகிய அனைத்தும் அவன் கடமையுள் அடங்கும். நடுவர் சொல்லும் ‘போ’ உறவினை முடிக்கிறது; உழைச்செல்வான் சொல்லும் ‘இப்போது வராதே’ தெளிந்தபின் வருதற்கு வழி விடுகிறது.

உழைச்செல்வான் மருத்துவனும் அல்லன். மகனைத் திருத்தும் முழுப்பொறுப்பும் தனதே எனக் கொள்ளும் தந்தை, மகன் மீண்டும் குடிக்கும்தோறும் தானே தோற்றதாகக் கருதி வெகுள்கிறான். நான்கு உறுப்புகளுள் தான் ஒன்று மட்டுமே என உணர்தல் அவனுக்கும் விடுதலை தருவதாகும். உள்ளக் கிளர்ச்சி, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியன குடியோடு இணைந்து வரும்போது மருத்துவரை நாடுதல் குடும்பத்திற்கு இழுக்கு என்னும் எண்ணமும் அப்போது அகலும்.

முடிவுரை

குடிநோயுற்ற மகனின் முன் தந்தை நடுவராக அமர்வது இயல்பான செயல். அவையறிய வளர்த்தவன் அவைமுன் நாணுகிறான். ஆயின் தீர்ப்பு, அது மகன்மேல் ஆயினும் தன்மேல் ஆயினும், நோயின் போக்கினை மாற்றுவதில்லை. வள்ளுவம் நான்காவதாக வைத்த இடம், அதிகாரமும் புகழும் அற்ற, அருகிருத்தலையே தொழிலாகக் கொண்ட இடமாகும். மகனை அவையில் முந்தச் செய்யும் கடமை தவறிப்போன தந்தைக்கும் அவ்விடம் மறுக்கப்படுவதில்லை. அவ்விடத்தில் அமரும் தந்தையால் மகன் மீள்வான் என உறுதி கூற இயலாது. மீள விரும்பும் பொழுதில் அவன் தேடிவர ஓர் ஆள் இருப்பான் என்பது மட்டும் உறுதி.