பாட்டும் பரிசும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போர் முன்பு கடலைப் பார்த்திருந்தனர். இன்று கைத்தொலைபேசியில் பாட்டுப் போட்டி பார்க்கின்றனர். போட்டி நடப்பது சென்னையில். அதன் வெற்றி தோல்வி பற்றிய வாதம் நடப்பதோ எமது படகில். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா என்னும் சிறுமி ஜீ தமிழ்த் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது, தீவுப்பகுதி மக்கள் அதனைத் தம் வீட்டு நன்மையாகவே கொண்டனர். நாமும் மகிழ்ந்தோம், அதனை மறைப்பதற்கில்லை. அதே போட்டியில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து சென்று பாடிய சிறுமிக்காகவும் எம் வீடுகளில் நெஞ்சு துடித்தது.

மகிழ்ச்சி அடங்கிய பின்னர் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஓட்டப் போட்டியில் வென்றவன் முன்னால் ஓடியவன், அதில் ஐயமில்லை. பாட்டில் வெல்லுவதென்றால் என்ன? அதிலும், ஊர் கூடி ஆக்கிய பாட்டை ஒருவர் மேடையிற் பாடிப் பரிசு பெறும்போது, அவ்வெற்றி யாருக்கு உரியது?

இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியது 2018ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாவது போட்டி. 2006இல் தொடங்கிய அந்நிகழ்ச்சி திரைப்பாட்டுக்கென்றே அமைந்த மேடை. அம்மேடையில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமியப் பாடகர் செந்தில் கணேஷ் ஏறினார். அவருடன் அவர் மனைவி இராஜலட்சுமியும் போட்டியிட்டார். இருவரும் அதற்கு முன்னரே ஊர்த் திருவிழாக்களிற் பாடிப் பழகியவர்கள். மக்கள் வாக்களித்துச் செந்தில் கணேஷை முதல்வராக்கினர். பரிசாக ஐம்பது இலட்சம் இந்திய ரூபா பெறுமதியான வீடும், ஏ. ஆர். ரகுமானின் இசையிற் பாடும் வாய்ப்பும் அறிவிக்கப்பட்டன. சுரமும் நுணுக்கமும் தேர்ந்தோர் இருக்க இவரா என்று முணுமுணுத்தோரும் உண்டு. சபைக்குரிய பாட்டு வேறு, வயலுக்குரிய பாட்டு வேறு என்ற பழைய பிரிவினைதான் அந்த முணுமுணுப்பில் ஒலித்தது. அதனை மக்கள் ஒரே இரவில் தள்ளி வைத்தது நல்ல செய்தியே.

அதன் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். செல்ல தங்கையா எழுதி, இத்தம்பதியர் மேடைகளிற் பாடிவந்த ‘சின்ன மச்சான்’ 2019இல் வெளியான ‘சார்லி சாப்ளின் 2’ திரைப்படத்திற் சேர்ந்தது. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். 2021இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ் வடிவத்தில் இராஜலட்சுமி பாடிய பாட்டும் தெருவெங்கும் ஒலித்தது. ஆனால் சினிமா இவர்களிடம் கேட்டது பெரும்பாலும் துள்ளலை மாத்திரமே. நாற்று நடுபவளின் இடுப்பு வலியும், பிணத்தின் தலைமாட்டில் எழும் ஒப்பாரியும், பஞ்சத்தின் பாட்டும் அதே மண்ணின் பாட்டுக்கள்தாம். அவற்றுக்குச் சந்தை இல்லை. மண்ணிலிருந்து வந்த பாடகரை மேலே ஏற்றிய கைகள், அவர் கொண்டுவந்த மூட்டையில் பாதியைக் கீழேயே இறக்கிவைத்துவிட்டன. அது பாடகரின் குற்றமன்று. பிழைக்க வேண்டியவர் பிழைக்கிறார்.

எமது கடற்கரைகளில் வழங்கிய அம்பாப் பாட்டை நினைத்துப் பார்ப்போம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முதலடியை எடுப்பார். கயிற்றிற் கைவைத்த அனைவரும் மறுமொழி பாடுவர். பாட்டின் அசைவுக்குக் கால் பின்வாங்கும், தோள் சாயும், வலை கரைக்கு வரும். முதலடி எடுப்பவருக்கு நல்ல குரல் இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டாலும் வலை வந்தாக வேண்டும். மறுமொழி சொல்லுபவரைத் தோற்றவர் என்று யாரும் கூறியதில்லை. அவர் இல்லையேல் பாட்டே இல்லை. உழவு இயந்திரத்திற் பூட்டிய உருளை வலையை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அம்பா ஓய்ந்தது. உழைப்பு மாறினால் பாட்டும் மாறும். அதற்காக மனிதன் என்றென்றும் தோள் தேயக் கயிறு இழுக்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம்.

கூத்திலும் குரலைச் சோதிப்பதுண்டு. ஊர்காவற்றுறைப் பக்கத்து மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கடலோரக் கிராமங்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், வந்தவரைப் பாடச் சொல்லிக் கேட்பார். வீச்சான குரலுடையவனுக்கு அரச வேடம். குரல் கம்மியவனுக்குச் சேவகன், கட்டியக்காரன், அதுவும் இயலாதவனுக்குப் பிற்பாட்டு. யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டார். மாதக் கணக்காக இரவிலே பழகி, ஒரு விடியும்வரை ஆடி முடிக்கும்போது சேவகனின் தாயும் அரசனின் தாயும் ஒரே பாயில் இருந்து பார்ப்பர். தொலைக்காட்சிப் போட்டியோ வாரந்தோறும் ஒருவரை வெளியே அனுப்பி வாழ்கிறது. ‘வெளியேற்றம்’ என்பது அதன் நெம்புகோல். அழுகை இன்றி அடுத்த வாரம் இல்லை.

இங்ஙனம் சொல்லும்போது வாசகர் எம்மை இடைமறிக்கலாம், இடைமறிக்கத்தான் வேண்டும். அந்த ஒரே பாயில் எல்லாச் சாதியாரும் இருந்தனரா? அந்தக் கூத்து மேடையில் பெண் ஏறினாளா? பெண் வேடத்தையும் ஆண்தானே கட்டினான்? ஊர் என்பது பாட்டின் தாய்வீடு மாத்திரமன்று. புங்குடுதீவில் கோயிற் கிணற்று நன்னீரை ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ளும் உரிமைக்காக 1971இல் நடந்த போராட்டத்தில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் தாக்குண்டார், 1973இல் அவர் மறைந்தார். குடிநீரையே பங்கிட மறுத்த ஊர், பாட்டை மாத்திரம் பொதுவில் வைத்திருந்தது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பறை அடித்தவனைப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர்தான் இது. இராஜலட்சுமி போன்ற பெண்ணுக்கு நடுமேடையையும் தன் பெயரையும் கொடுத்தது ஊரன்று, அந்தத் தொலைக்காட்சிதான். இதனை ஒப்புக்கொள்ளாமற் பழைய ஊரைப் பாடிக்கொண்டிருப்பது ஒருவகைப் பொய்.

ஆகவே ஊரா, சந்தையா என்று கேட்பதிற் பயனில்லை. கடன் யாருடையது என்று கேட்பதே தகும்.

இது எமக்கு மாத்திரமான சிக்கலன்று. அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ இசைக்கு வேராக நிற்பது கார்ட்டர் குடும்பம். 1927இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதல் இசைத்தட்டுப் பதிவு செய்த அவர்களுக்குப் புதிய பாட்டுக்கள் தேவைப்பட்டன. ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமம் தோறும் அலைந்து பாட்டுச் சேகரித்தார். அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கித்தார்க் கலைஞர். சீமெந்து ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதினார். ரிடில் மெட்டை நினைவிற் பதித்து வந்து அவர்களுக்குப் பாடிக் காட்டினார். உரிமைப் பத்திரத்திற் பதிந்த பெயர் கார்ட்டரின் பெயர். ரிடிலை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. சொல்லிக் கொடுத்த மலைக்கிழவிகளை இன்றும் அறியவில்லை. வெள்ளையர் பாட்டென்றும் கறுப்பர் பாட்டென்றும் கடைக்காரன் தட்டுக்களைப் பிரித்து அடுக்கினான். பாட்டோ இருவர் வீட்டிலும் உண்டு வளர்ந்தது.

எமது பங்கிற்கு வருவோம். ஒரு பிள்ளை மேடையேறியதும் அதன் வறுமையும் போர்க்காலத் துயரும் பாட்டுக்கு முன்னுரையாகக் காட்டப்படுகின்றன. நடுவர் கண் கலங்குகிறார். நாம் கண் கலங்குகிறோம். கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் எம் தீவார் கண் கலங்கி வாக்களிக்கின்றனர். துயரத்தைச் சொல்லக்கூடாது என்பதன்று எமது கருத்து. எம் மக்கள் சொல்லாமலே புதைத்தது அதிகம். ஆனால் விரலாற் பொத்தானை அழுத்திய கணத்தில் கடமை தீர்ந்தது என்று மனம் ஆறுதல் கொள்கிறதே, அந்த ஆறுதல் மிகவும் மலிவானது.

2015இல் நடந்ததை மறந்தோமா? ‘சூப்பர் சிங்கர்’ சிறுவர் போட்டியில் கனடாவிலிருந்து வந்து பாடிய ஈழத்துப் பெற்றோரின் மகள் ஜெசிக்கா யூட் இரண்டாம் இடம் பெற்றாள். பரிசு ஒரு கிலோ தங்கம். அதனைத் தமிழகத்திலும் ஈழத்திலும் உள்ள அநாதைக் குழந்தைகளுக்கே கொடுப்பதாக அக்குடும்பம் மேடையிலேயே அறிவித்தது. அரங்கம் எழுந்து நின்றது. அச்செயலின் உயர்வில் எமக்கு ஐயமில்லை. ஐயம் எம்மைப் பற்றியது. போரில் தாய் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு ஒரு சமுதாயம் பட்ட கடனை, பாடிப் பெற்ற பரிசினால் ஒரு சிறுமி தீர்க்க முற்பட்டபோது, வளர்ந்தவர்களாகிய நாம் கைதட்டினோம். கைதட்டிவிட்டு உறங்கச் சென்றோம். வென்ற பாடகரிடம் “மண்ணை மறக்காதே” என்று கண்டிப்போடு கூறுகிறோம். மண்ணை மறவாதிருக்கும் வேலையை அவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம் அல்லவா?

புலம்பெயர்ந்த எம் ஊர்ச் சங்கங்கள் கோயில்களுக்குக் கோபுரம் எழுப்புகின்றன. வெற்றி பெற்ற பாடகரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. செய்யட்டும். அப்பொன்னாடைச் செலவில் ஒரு பங்கு, இன்னும் உயிரோடிருக்கும் அண்ணாவிமாரின் பாட்டைப் பதிவு செய்யவும், கூத்துக் கொப்பிகளைக் கறையானிடமிருந்து காக்கவும், ஒப்பாரி சொல்லும் மூதாட்டியின் பெயரைப் பாட்டின் கீழே எழுதவும் போகக்கூடாதா? பணத்தைவிட நேரந்தான் இதற்கு வேண்டும். நயினை நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் கையில் நல்ல கைத்தொலைபேசிகள் உண்டு. தேர் முடிந்த மறுநாள் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கினால், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குத் தெரு இருக்கிறது. அண்ணாவியாரின் வீடு எதுவென்று கேட்டால் சந்தியில் நிற்கும் யாரும் காட்டுவர்.