அத்திப்பழ அடையும் புது மாத்திரையும்



இந்த மாதத் தியானத்துக்கு 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரம், முதல் பதினொரு வசனங்கள். முதலில் வேதத்தைத் திறந்து நீங்களே ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் கிடக்கிறான். இனி பிழைக்க வழியில்லை என்ற செய்தியைத் தீர்க்கதரிசியே கொண்டுவருகிறார். ராஜா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறான். ஏசாயா அரண்மனையை விட்டு முழுசா வெளியே போகக்கூட இல்லை, அதற்குள் பதில் வந்துவிடுகிறது. சுகம் உண்டு, மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய், ஆயுசில் இன்னும் 15 வருஷம் உண்டு என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கிறார்.

நம்ம கூட்டமாயிருந்தால் அந்த இடத்திலேயே அல்லேலூயா சொல்லி, ஸ்தோத்திரப் பாட்டுப் பாடி, கூட்டத்தை முடித்திருப்போம். ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்க. அத்திப்பழத்தை அடையாகத் தட்டி, பிளவையின் மேல் வைக்கச் சொல்கிறார் ஏசாயா. வைத்தார்கள், ராஜா பிழைத்தான். வாக்குத்தத்தம் வந்த பிறகுதான் மருந்து வருகிறது. அதைச் சொன்னது வைத்தியன் அல்ல, தேவமனுஷன். வாக்குக் கொடுத்த பிறகு அடை எதற்கு, எனக்கு விசுவாசம் போதும் என்று எசேக்கியா சொல்லவில்லை.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? நம்ம சபையில் ஒரு சகோதரி, அவங்க சம்மதத்தோடுதான் எழுதுறேன், மூணு வருஷமா உடம்பெல்லாம் வலி. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று ஒரு இடம் பாக்கியில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நின்றுகொண்டே செய்கிற வேலை. காலையில் எழுந்தால் ராத்திரி முழுவதும் மூட்டை சுமந்த மாதிரி இருக்குமாம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டு, பயமும் படபடப்பும் சேர்ந்துகொண்டது. கடைசியில் சென்னையில் ஒரு மூட்டு நோய் டாக்டர்தான் இதற்குப் பெயர் இருக்கிறது என்று சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா. பெயரைக் கேட்டு அந்தச் சகோதரி அழுதாங்களாம், துக்கத்தினால் அல்ல. நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு ஆள் ஒத்துக்கிட்டாரே என்று.

இந்த வியாதியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தெரியாமல்தான் நாம் வாயை விடுகிறோம். 1990-ல் அமெரிக்க மூட்டு மருத்துவர்கள் இதை அடையாளம் காண ஒரு முறை வகுத்தார்கள். உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால் இந்த வியாதி என்றார்கள். 2010-ல் அதை மாற்றி, வலி எங்கெங்கே பரவியிருக்கிறது, தூக்கம் எப்படி, சோர்வு எவ்வளவு, ஞாபகம் எப்படி என்று கேட்டுக் கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. மூட்டு தேய்வதில்லை, தசை கெடுவதில்லை. வலியைக் கொண்டுபோகிற நரம்பும் மூளையும்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதனால் வலி இல்லை என்று ஆகிவிடுமா?

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை நம்ம பெரியபாளையம் பஜாரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு ரோட்டிலிருந்தும் வண்டி வரும். போலீஸ்காரர் நடுவில் நின்று, கொஞ்சம் நிறுத்தி, கொஞ்சம் விட்டு அனுப்புவார். நம்முடைய முதுகுத்தண்டிலும் கர்த்தர் அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறார். மூளையிலிருந்து கீழே இறங்குகிற நரம்புகள், மேலே வருகிற வலியை மட்டுப்படுத்தி அனுப்பும். இந்த வியாதியில் அந்தப் போலீஸ்காரர் பலவீனமாகிவிடுகிறார். லேசாகத் தொட்டாலும் அது வலியாகப் போய்ச் சேருகிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றை நம்ம பக்கத்து மாவட்டத்தில் ஒரு தேவமனுஷன் கண்டார். பால் பிராண்ட் என்ற டாக்டர். மிஷனெரி பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்து குஷ்டரோகிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை நினைத்தார்கள். அப்படியில்லை, வலி தெரியாமல் போனதனாலேயே அவர்கள் காயப்பட்டுக் காயப்பட்டு விரல்களை இழக்கிறார்கள் என்று அவர் காட்டினார். ராத்திரியில் எலி கடித்தாலும் தெரியாமல் தூங்கினவர்கள் இருந்தார்கள். அதற்காகப் பூனை வளர்க்கச் சொன்னார்களாம்! வலி தேவன் கொடுத்த காவல்காரன் என்று 2003-ல் மரிக்கும்வரை சொல்லிவந்தவர் அவர். ஆனால் அந்தக் காவல்காரன், திருடனே இல்லாதபோது ராத்திரி பகலாக விசில் ஊதிக்கொண்டிருந்தால் வீட்டார் எப்படித் தூங்குவார்கள்? இந்தச் சகோதரியின் நிலைமை அதுதான்.

முதலில் ப்ரீகாபலின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். தலைசுற்றலும் கால் வீக்கமும் வந்தது, ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது டுலாக்ஸெடின். இவங்களுக்குப் புதுசே தவிர உலகத்துக்குப் புதுசல்ல. அமெரிக்க அரசு 2007-ல் ப்ரீகாபலினையும் 2008-ல் டுலாக்ஸெடினையும் இந்த வியாதிக்கென்று அனுமதித்தது. 2009-ல் மில்னாசிப்ரான் வந்தது. அதற்குப் பிறகு 2025 ஆகஸ்டு வரை புதிதாக ஒன்றும் அனுமதி பெறவில்லை. அவ்வளவு வருஷம் காத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! டுலாக்ஸெடின் அந்தப் போலீஸ்காரரைப் பலப்படுத்துகிறது. பயம், படபடப்புக்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். அதனால்தான் இரண்டுக்கும் உதவும் என்று டாக்டர் சொல்ல, அந்தச் சகோதரிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கையின் மேல்தான் ஒருவர் கை வைத்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியர், வீட்டு ஜெபத்தில், மாத்திரை இருக்கிற இடத்தில் விசுவாசம் இருக்காது, இன்றைக்கே தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டார். இவங்களும் அன்றைக்கே நிறுத்திட்டாங்க. மூன்றாம் நாள் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஓர் உணர்வு. இது பிசாசின் தாக்குதல் என்று வேறு சொன்னார்கள். பிசாசு இல்லீங்க. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் வரும். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆசா ராஜாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், 2 நாளாகமம் 16:12. கால் வியாதியில் அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான் என்று. சரி, அந்த அதிகாரத்தை மேலே இருந்து வாசியுங்கள். முதலில் சீரியா ராஜாவை நம்பினான். அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான். ஜனங்களில் சிலரை ஒடுக்கினான். வைத்தியனிடம் போவதற்கு ரொம்ப முன்னாடியே அவன் கர்த்தரைத் தேடுவதை விட்டுவிட்டான். தேடாமல் போனதுதான் குற்றம். வைத்தியனிடம் போனதே குற்றமென்றால், லூக்காவைப் பவுல் ஏன் பிரியமாகக் கூடவே வைத்துக்கொண்டார்? தீமோத்தேயுவின் வயிற்றுக்கு ஏன் வைத்தியம் சொன்னார்? துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று ஏன் எழுதினார்? கைக்குட்டையைக் கொண்டுபோனாலே வியாதி நீங்கின அதே பவுல்தான்!

மாத்திரையே தொடாமல் ஜீவித்து மரித்த பரிசுத்தவான்கள் நமக்குள் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது அவர்களுக்கும் கர்த்தருக்கும் இடையில் உள்ள தீர்மானம். அதை அடுத்தவர் தலையில் ஏற்ற ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன், என் கண்ணாலும் கண்டிருக்கிறேன். வருகிற ஞாயிறும் வியாதியஸ்தருக்காக எண்ணெய் பூசி ஜெபிப்பேன்.

அப்படியானால் மாத்திரையின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? கயிற்றுக் கட்டில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. ஆள் படுக்கலாம், லாரியை ஏற்ற முடியாது. இந்த மருந்துகளால் சிலருக்கு வலி பாதியாகக் குறைகிறது. பலருக்குக் கொஞ்சம்தான். சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். முதல் நாட்களில் குமட்டலும் வாய் வறட்சியும் வரலாம். அதைப் பார்த்துப் பயந்து நாமே விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். டிராமடால் போன்ற வேறு மாத்திரை எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லணும், சேர்ந்தால் ஆபத்து. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே வலி என்று நம்ம அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுக்காதீங்க. மனசில் சாகணும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அதை ஒளிக்கக் கூடாது. ராத்திரியானாலும் 14416-க்குப் போன் பண்ணலாம், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். எனக்கும் போன் பண்ணலாம். இன்னொன்று. 2016-ல் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்த வியாதிக்கு உள்ள எல்லா வைத்தியத்தையும் ஆராய்ந்து, உறுதியாகச் சிபாரிசு செய்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுகிற நடை போதும். செலவும் இல்லை.

படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பயம் இருந்தால் பாவம் இருக்கிறது என்று பேசுகிறோம். எலியா சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டுப் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தபோதும் திட்டவில்லை, இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். வழி தூரம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓரேபில் கர்த்தர் பேசினது அதற்கு அப்புறம்தான், நாற்பது நாள் நடந்த பிறகு.

நல்லா ஆயிட்டேன்னு சாட்சி சொல்லுங்க என்று அந்தச் சகோதரியை அவசரப்படுத்தாதிருங்கள். பாதி வலி குறைந்து, இன்றைக்குத் தலை வாரிக்கொள்ளக் கை தூக்க முடிந்தது என்றால் அதுவும் சாட்சிதான், மேடையில் நின்று சொல்லலாம். குறையவில்லை, அடுத்த மருந்து பார்க்கிறார்கள் என்று சொன்னாலும் அதே ஆமென் சொல்லுவோம்.

சபையில் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். ஆராதனை முழுவதும் நிற்க முடியாதவர்களுக்குப் பின்வரிசையில் முதுகு சாய்கிற நாற்காலிகள் போட்டிருக்கிறது. உட்கார்ந்திருக்கிறவர்களை எழுப்ப வேண்டாம். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம். முழு இரவு ஜெபத்தில் 10 மணிக்கு மேல் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், தூக்கம் கெட்டால் இந்த வியாதி கூடும். சென்னை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற சகோதரிகள் முந்தின ஞாயிறே என் மனைவியிடம் சொன்னால், கூட ஒருவர் வருவார். இரண்டு பேருக்கும் பஸ் சார்ஜ் சபையே கொடுக்கும்.