மதிலோரத்து நொச்சி

பெங்களூரின் அல்சூரில் தோட்டம் என்பது பெரும்பாலும் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மிஞ்சிய நாலடி மண்தான். அதில் குரோட்டன்ஸ் வைப்பவர்கள் உண்டு, ரோஜா வைப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் நொச்சி, அம்மா நட்டது. மழைக்காலத்தில் ஒரு போத்தை ஒடித்து ஊன்றினால் வேர் பிடித்துவிடும். தண்ணீருக்கு ஏங்காது. ஆடு மாடு வாய் வைக்காது. நீலமும் ஊதாவுமாகப் பூத்தால் தேனீக்கள் மொய்க்கும்.

அதற்குச் செய்யவேண்டிய பெரிய பராமரிப்பே வெட்டுவதுதான். வெட்டாமல் விட்டால் அடி மொட்டையாகி, தழையெல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். முழங்கால் உயரத்தில் வெட்டினால் தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். இங்கிலாந்தில் ஹேசல் என்றொரு கொட்டைப் புதர் உண்டு. தன்போக்கில் விட்டால் எழுபது, எண்பது ஆண்டுகளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டிக் கழி எடுத்துவந்தால் அதே தூர் பல நூறு ஆண்டுகள் துளிர்த்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் காப்பது என்பதுதான் என்ன? கோட்டை மதிலைக் காக்கும் வீரர்கள் சூடிய பூ நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை அதற்கென்று தனித் திணையே வகுத்திருக்கிறது. எங்கள் நொச்சியோ மதில் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க, மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்க, பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட என்று தெருவில் யாராவது வந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா 'லக்கி சொப்பு' என்று கேட்பார். "வேணுங்கிறத ஒடிச்சுக்கோங்கம்மா" என்பார் அம்மா. ஒடித்த இடமெல்லாம் அடுத்த மாதம் துளிர் நிற்கும்.

1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர்த் தகராறில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். அந்த ஆண்டு அல்சூர் ஏரிக்கரையருகே நிறுவிய திருவள்ளுவர் சிலையையே திறக்க முடியாமல் மூடி வைத்திருந்தார்கள். 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். கலவர இரவுகளில் தமிழ்க் குடும்பங்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். எங்கள் கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அந்தக் கன்னடத்து அம்மாவின் கணவர். தழைக்குச் செய்த கைம்மாறு என்று அதைச் சொல்லமாட்டேன், சொன்னால் இருவரையுமே சிறுமைப்படுத்தியதாகும். ஆனால், கேட்கவும் கொடுக்கவும் ஏதோ ஒன்று இருந்ததால்தான் இரு வீட்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் கால்தடம் விழுந்தது. அந்தத் தடத்தில்தான் அவர் அன்று நடந்து வந்தார். சுவரை இன்னும் இரண்டடி உயர்த்தியிருந்தால் அந்தத் துணை கிடைத்திருக்காது என்றே நம்புகிறேன்.

இப்போது அந்தப் பக்கத்து வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. இந்த மழைக்கு நொச்சியை வெட்டியபோது, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண் இறங்கி வந்து இரண்டு போத்து கேட்டார். பால்கனித் தொட்டியில் அடங்குமா என்று அவருக்குச் சந்தேகம். வருடத்துக்கு இருமுறை வெட்டினால் அடங்கும், வெட்டிய தழையைக் கீழ்வீடுகளில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பினேன்.