பார்க்க மறுப்பதைப் பற்றி

என் மனைவிக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்து பதினோரு வருஷங்கள் ஆகின்றன. இரண்டாம் வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எட்டு வருஷங்களுக்கு மேல் போகவில்லை. "எனக்கு என்ன, நல்லாத்தான தெரியுது. ஊசியில நூல் கோக்கேம்லா" என்பது அவள் பதில். பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். நூல் கோக்கிறாள் என்பது உண்மைதான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒரே முயற்சியில் கோத்துவிடுவாள்.

இது குடும்ப விவகாரம், இதை இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று கேட்கலாம். ஆனால் அவளைப் போகச் சொல்லியும் சொல்லாமலும் கழிந்த அந்த வருஷங்களில் எனக்குள் எழுந்த கேள்வி குடும்ப விவகாரமாக மட்டும் நிற்கவில்லை. ஒருவர் தன்னைப் பற்றியதொரு செய்தியை அறிய மறுக்கிறார். அறியும்படி செய்ய இன்னொருவருக்கு என்ன உரிமை? உறவு நெருங்க நெருங்க அந்த உரிமை கூடுகிறதா, குறைகிறதா?

முதலில் அவளுடைய வாதம். அதை நான் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை, ஏனென்றால் அது நம்முடைய வாதம். எழுத்தில் எது உண்மை என்ற பேச்சு வரும்போதெல்லாம் சுயானுபவம் என்ற சொல்லைத்தான் நாம் கடைசித் தீர்ப்பாக வைத்து வந்திருக்கிறோம். இரவல் அறிவு, கோட்பாடு, பிறர் சொன்னது எல்லாம் அதற்குக் கீழேதான். என் மனைவி சிறுபத்திரிகை எதையும் படிக்கிறவள் அல்ல. ஆனாலும் அவள் சொல்வது இதுவே: நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிகிறது, ஆகவே என் கண் நன்றாக இருக்கிறது. இதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று.

ஓட்டை அவள் தர்க்கத்தில் இல்லை, நோயின் இயல்பில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷங்கள் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்குழாய்களின் சுவர் தளர்கிறது. ஊசிமுனையைவிடச் சிறிய புடைப்புகள் தோன்றுகின்றன. சில கசிகின்றன, சில அடைபட்டுப் போகின்றன. ரத்தம் கிட்டாத திசு புதுக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அவை பலமற்றவை, என்றாவது உடைந்து கண்ணுக்குள் ரத்தத்தைக் கொட்டிவிடும். பார்வையின் நடுவிடம் பாதிக்கப்படாதவரை, இவற்றில் பெரும்பகுதி நடந்து முடியும்வரைகூட, பார்க்கிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. வலி கிடையாது. எழுத்து மங்குவதில்லை. நூல் கோக்கலாம். கண் தன்னைத் தான் பார்ப்பதில்லை என்று வேதாந்திகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே அது ஒரு வெறும் மருத்துவச் செய்தி. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கருவியைப் பற்றி எழுதிய பிறகுதான், உயிரோடிருப்பவரின் கண்ணுக்குள் குனிந்து விழித்திரையைப் பார்ப்பது மருத்துவர்களுக்கு வழக்கமாயிற்று. பார்க்கிறவளுக்குத் தெரியாதது, அவள் கண்ணுக்குள் பார்க்கும் இன்னொருவருக்குத் தெரிகிறது. அனுபவத்தின் அதிகாரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அனுபவத்துக்கே எட்டாத ஒன்று நம் உடம்புக்குள் நடக்கிறபோது அந்த அதிகாரம் என்னவாகிறது என்று நாம் பேசியதில்லை.

தெரியாமல் போகட்டும், அப்போது போய்க்கொள்கிறேன் என்பதற்கும் இடமில்லை. விழித்திரையின் ஓரங்களை ஒளிக்கற்றையால் சுட்டுத் தழும்பாக்கினால், முற்றிய நிலையில் உள்ளவர்களின் கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 1976-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றும் காரியம். இப்போது கண்ணுக்குள் போடும் ஊசிமருந்துகளும் வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றிலும் இருப்பதைக் காப்பதுதான் பெரிய பலன். போனதில் கொஞ்சம் திரும்பலாம், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவேதான், நீரிழிவு நடுவயதில் வந்தவர்கள் அது தெரிந்த உடனேயும் பிறகு வருஷத்துக்கு ஒருமுறையும், கண்ணில் குறையே இல்லாவிட்டாலும், காட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

இவ்வளவையும் நான் அவளிடம் சொன்னேன். எழுதுகிறவனுக்கு வரும் முதல் மயக்கம், நன்றாகச் சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்பது. அவள் முழுக்கக் கேட்டாள். "சரி, பொங்கல் கழியட்டும்" என்றாள். அந்தப் பொங்கல் மூன்று முறை கழிந்தது.

பிறகு பயமுறுத்தினேன். பக்கத்துத் தெருவில் தபால் இலாகாவில் இருந்தவர் ஒருவர், ஒரு காலை எழுந்தபோது வலது கண்ணில் சிலந்தி வலை தொங்குவதுபோல் இருப்பதாகச் சொன்னவர், கடைசியில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் நிலைக்கு வந்த கதையைச் சற்று விரிவாகவே சொன்னேன். அன்றிரவு அவள் தூங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயமுறுத்தியதற்காக அல்ல, சொல்லும்போது கதை நன்றாக அமைந்துவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்ததற்காக. காலையில் அவள் வழக்கம்போல மெஷினில் உட்கார்ந்தாள். பயம் அவளைக் கொஞ்சமும் நகர்த்தவில்லை. பயந்தவள் பார்க்காமலிருக்கத்தானே விரும்புவாள்.

நண்பர் ஒருவர் குறுக்குவழி சொன்னார். எனக்குக் கண் சரியில்லை, துணைக்கு வா என்று கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்துவிட வேண்டியதுதானாம். நல்ல யோசனை, நடந்தும் இருக்கும். ஆனால் ஒருத்தியின் கண்ணைப் பற்றிய உண்மையை அவளிடம் பொய் சொல்லித் தெரிந்துகொள்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வருஷாவருஷம் போகவேண்டிய இடம் என்பது வேறு. அடுத்த வருஷத்துக்கு எந்தப் பொய்?

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலம் வருகிறது. பாதுகாப்பற்ற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரமில்லை என்றால் அவனைப் பிடித்து இழுத்துவிடலாம். அது அவன் சுதந்திரத்தைப் பறித்ததாகாது, ஆற்றில் விழுவது அவன் விருப்பமல்லவே. ஆனால் ஆபத்து நிச்சயமில்லை, சாத்தியம் மட்டும்தான் என்றால் எச்சரித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். துணிவதும் திரும்புவதும் அவன் பாடு. நான் வெகுநாள் இந்தப் பாலத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மனைவியின் ஆபத்து சாத்தியம்தான், நிச்சயமல்ல. நீரிழிவுக்காரர் எல்லோருக்கும் பார்வை போய்விடுவதில்லை. எச்சரித்தாயிற்று. ஆகவே விலகி நிற்பதே அவளுக்கு நான் காட்டும் மரியாதை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு இன்னொரு பலமும் சேர்ந்துகொண்டது. எங்கள் முப்பத்துநான்கு வருஷ தாம்பத்தியத்தில் 'வேண்டாம்' என்ற சொல்லை அவள் சொல்லிக் கேட்டது அபூர்வம். மாற்றலாகி ஊர் ஊராகப் போனபோதும், என் பத்திரிகைக் கடனுக்கு அவள் வளையல் போனபோதும் அவள் வேண்டாம் என்றதில்லை. கேட்கப்படவில்லை என்பதே சரி. இப்போது தன் உடம்பின் விஷயத்தில் முதல்முறையாக ஒரு மறுப்பைச் சொல்கிறாள். அதையும் நான் வாதாடிப் பிடுங்கிக்கொள்வதா? அவளுடைய ஒரே சுதந்திரத்தில் கை வைப்பதா?

நேர்த்தியான நியாயம். இதை நினைத்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. மரியாதை என்று நான் பெயரிட்டதில் எத்தனை பங்கு சோம்பல்? மில் அந்த நூலை, அது வெளிவருமுன் இறந்துபோன மனைவியின் நினைவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். ஆனால் அவர் பாலத்தில் நிற்பவன் ஓர் அந்நியன். எச்சரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவன் ஏன் அந்தப் பக்கம் போக நினைக்கிறான், திரும்பும் வழியில் அவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வருஷமும் 'போ' என்றேன், அல்லது 'உன் இஷ்டம்' என்றேன். 'ஏன் போகமாட்டேன் என்கிறாய்' என்று கேட்டபோதெல்லாம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

நான் இதைவிடவும் அசடாக இருந்த ஒரு சமயம் உண்டு. ஏதோ உருக்கத்தில், "உனக்குத் தெரியாமப் போனாலும் நான் இருக்கேன், எல்லாம் வாசிச்சுக் காட்டுதேன்" என்றேன். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரவிக்கை யாரு தைப்பா?" என்றாள். காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்டதை நாம் கற்பின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். அந்த வீட்டில் இருந்த ஒரு ஜோடி நல்ல கண்களும் அன்றோடு போயிற்று என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருதராஷ்டிரனிடம் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

போன ஆவணியில் ஒருநாள் மின்சாரம் போயிருந்தது. மெஷின் ஓடாது, எனக்கும் படிக்க வெளிச்சமில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தி அவள் தனியாகக் கண்ணைக் காட்டப் போன நாளைப் பற்றி. காலை எட்டு மணிக்குப் போனவள். பாப்பா விரியச் சொட்டுமருந்து விட்டு பெஞ்சில் உட்காரவைத்தார்கள், மறுபடி விட்டார்கள், வரிசை மாற்றினார்கள். உள்ளே போனதும் சீட்டைப் பார்த்த மருத்துவர், இத்தனை பேருக்கு முன்னால், சர்க்கரையை இப்படி வைத்துக்கொண்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். மத்தியானம் வெளியே வந்தால் வெயில் கண்ணில் ஈட்டியாகக் குத்துகிறது. பஸ் போர்டைப் பார்க்க முடியவில்லை. "இது எங்க போகுதுன்னு ஒரு பையன்ட்ட கேட்டேன். போர்டுல போட்ருக்குல்லா, படிக்கத் தெரியாதான்னான்." கண்டக்டர் கொடுத்த சில்லறை சரியா என்று எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. வந்து சோறு வைத்திருக்கிறாள், கண் தெளியாமலே.

நான் அன்றைக்கு நாகர்கோவிலில் ஒரு நாவல் கருத்தரங்கில் இருந்தேன். ராத்திரி வந்து, யார் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நாள் கணக்கு பிசகாமலிருக்கச் சொன்னாள்.

ஆக, நான் எட்டு வருஷமாக மறுத்து வாதாடியது அவளுடைய மறுப்பையே அல்ல. அறிவா அறியாமையா, உரிமையா நிர்ப்பந்தமா என்று நான் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வேண்டாம் என்றது ஒரு பெஞ்சை, ஒரு வெயிலை, படிக்கத் தெரியாதா என்ற கேள்வியை. இதோடு விஷயம் தெளிந்துவிட்டது என்று முடிக்க ஆசைதான். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "இருக்குன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதுல்லா." இது பெஞ்சைப் பற்றியதல்ல. இதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. "நான் கூட வாரேன், நாள் பூரா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பதிலாக அல்ல, வேறு எதுவும் தோன்றாததால்.

2014-இல் வெளியான ஆய்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரிடையே பார்வையிழப்புக்கு முதற்காரணமாக ஏறத்தாழ ஐம்பது வருஷங்கள் இருந்துவந்தது நீரிழிவுக் கண்நோய். அந்த இடத்திலிருந்து அது இறங்கிவிட்டது. 2003 முதல் அங்கே தேசமளாவிய கண் பரிசோதனை ஏற்பாடு வந்ததும் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, உரிய காலத்தில் அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வருகிறது. இந்தியாவில் 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நீரிழிவுக்காரர்கள் சுமார் பத்துக் கோடி. எங்கள் வீட்டுக்கு அப்படியொரு கடிதம் வந்ததில்லை. கடிதம் செய்யவேண்டியதைப் புருஷனோ பெண்டாட்டியோ செய்யவேண்டியிருக்கிறது. கடிதத்துக்குக் குரல் உயராது, பழைய கணக்குகளும் இல்லை. எங்களுக்கு இரண்டும் உண்டு.

கண்ணப்பன் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. இப்போது அந்தக் கதையில் எனக்குப் பொறாமையாக இருப்பது வேறொன்று: அவனுக்கு ரத்தம் தெரிந்தது. வடிகிற கண் எதிரே இருந்தது, அம்பு கையில் இருந்தது. வடியாத கண்ணுக்காக வரிசையில் நிற்பதற்குப் புராணத்தில் வழிகாட்டி இல்லை.

ஐப்பசியில் போனோம். வேறு ஆஸ்பத்திரி. சொட்டுமருந்து விட்டார்கள், உட்கார்ந்திருந்தோம். நான் கொண்டுபோன புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, எடுத்தால் அவள் என்ன நினைப்பாள் என்ற பயம். அவள் பக்கத்திலிருந்த அம்மாளிடம் கழுத்து வெட்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். படம் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். செம்மஞ்சள் வட்டம், அதில் மரக்கிளைபோலப் பிரியும் குழாய்கள், ஒரு ஓரத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள். "இதா?" என்றாள் என் மனைவி. ஆரம்பந்தான், இப்போது சிகிச்சை எதுவும் வேண்டாம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும், வருஷம் தவறாமல் வாருங்கள் என்றார் மருத்துவர். அவள் தலையாட்டினாள். வெளியே வரும்வரை ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பஸ் நிறுத்தத்தில் முந்தானையை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நான் வருகிற பஸ்களின் போர்டை ஒவ்வொன்றாக வாசித்தேன். மூன்றாவது எங்கள் பக்கம் போவது. "வா, வந்துட்டு" என்றேன்.

"அது வேண்டாம்" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "அது சுத்திப் போகும்."